கீழ்ச்சத்தம் போன ஊர்

நடுவப்பேரியில் கீழ்ச்சத்தம் நின்றுபோனது ஐப்பசி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு. அதாவது, சொர்ணவேல் அண்ணாச்சி டீக்கடை வாசலில் வைத்து தவசிங்கிடம் "வண்டியில இடம் இல்லப்பா" என்று சொல்லி, தவசிங் "சரி அண்ணாச்சி" என்று சொல்லி, வீட்டுக்குப் போய், நாலு கம்பியையும் பழந்துணியால் துடைத்து, பேஸ் கிட்டாரை உறைக்குள் வைத்து, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிய நேரம். தெருவில் அப்போது ஐந்தாம் நம்பர் பஸ் போய்க்கொண்டிருந்தது. அதன் உறுமல் பாதியில் அறுந்துவிட்டது. பஸ் மட்டும் சன்னல் கண்ணாடிகள் கிலுகிலுக்க மேற்கே போனது.

இதை நேரம் தவறாமல் சொல்ல என்னால் முடியும். நான் மைக்செட் சுடலைமணி. சொர்ணவேல் அண்ணாச்சியின் தேன்துளி மெல்லிசைக் குழுவுக்குப் பத்தொன்பது வருசமாக மைக்செட் போட்டவன். கோவில் கொடை, மாதா கோவில் திருவிழா, காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பாட்டு எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பது என் விரலில் இருந்தது. நடந்ததில் எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் யோக்கியரில்லை. அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தவசிங்குக்கு வேலை கால்நடை ஆஸ்பத்திரியில். டாக்டர் ஊசி போடும்போது மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொள்வதும் மருந்து கலக்குவதும் அவன் பாடு. சாயங்காலமானால் சட்டையை மாற்றிக்கொண்டு சினிமாப் பாட்டுக்கு பேஸ், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடுகிற கனத்த சுரம், வாசிக்க வந்துவிடுவான். சொந்தமாக ஒரு மெட்டுப் போட வேண்டும் என்று அவன் நினைத்ததே இல்லை. எப்போதோ எங்கோ யாரோ வாசித்ததை, கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டு, ஒரு சுரம் பிசகாமல் அப்படியே வாசிக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய பேராசை. அதை அவன் செய்தான் என்று எனக்குத் தெரியும், என் காதில் ஹெட்போன் இருந்தது. கீழே உட்கார்ந்திருக்கிற ஜனத்துக்கு அது தெரியாது. "எல்லார் கிட்டார்லயும் ஆறு கம்பி இருக்கு, உம்ம கிட்டார்ல மட்டும் ரெண்ட எலி கடிச்சிட்டா, வே?" என்று கேட்பார்கள். அவனும் சிரிப்பான். கச்சேரி நடுவில் கலைஞர்களை அறிமுகம் செய்து வைப்பது ஒரு சடங்கு. பேரைச் சொன்னதும் ஒவ்வொருவரும் கொஞ்சம் வாசித்துக் காட்டிக் கைதட்டு வாங்குவார்கள். டிரம்ஸ்காரன் இடித்து நொறுக்குவான், புல்லாங்குழல்காரர் குயிலாவார். கடைசியில் தவசிங்கின் பேரைச் சொல்வார்கள், அவனும் குனிந்தபடி வாசிப்பான், கூட்டம் மைக்கில் ஏதோ கோளாறு என்று என்னைத் திரும்பிப் பார்க்கும்.

அவன் வாசித்ததைக் காது கொடுத்துக் கேட்டவள் ஊரிலேயே ஒருத்திதான், அவன் தங்கச்சி கிருபா. ஐந்து வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, மேல்சத்தம் எல்லாம் போய் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொன்னார். குருவி, கொலுசு, விசில், பெண்பிள்ளைகள் பேச்சு, இதெல்லாம் அவளுக்கு இல்லை. இடி உண்டு, பஸ் உண்டு, மாதா கோவில் பெரிய மணி அடித்து ஓய்ந்தபின் மிஞ்சுகிற ரீங்காரம் உண்டு, எருமை உண்டு, அண்ணன் குரல் உண்டு. அதற்கு மேல், அண்ணனுடைய கிட்டார் உண்டு. நமக்கெல்லாம் பாட்டு என்றால் பாடுகிறவர்; கிருபாவுக்குப் பாட்டு என்றால் தவசிங். மேடைக்கு இடப்பக்கம் இருக்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டுவைப்பேன். அவள் உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரமும் அசையாமல் இருப்பாள். நாலு அடி வாசிப்பதற்குள் இன்ன பாட்டு என்று உதட்டை அசைத்துச் சொல்லிவிடுவாள். தையல் அவளுக்குத் தொழில். தனக்குக் கேட்டதை வைத்தே பேசப் பழகினதால் அவள் குரல் ஆம்பிளைக் குரல் போலக் கனமாக இருக்கும், புதிதாக ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் திடுக்கிடுவார்கள், இரண்டாம் தடவை பழகிவிடும்.

சொர்ணவேல் அண்ணாச்சியும் கெட்டவரில்லை. மதுரையிலிருந்து கொண்டுவந்த புதுக் கீபோர்டில் இடது கையாலேயே பேஸையும் வாசித்துவிடலாம் என்றிருந்தது. புதிதாகச் சேர்ந்த பாடகிக்கு வேனில் ஒரு சீட் வேண்டியிருந்தது. வேன் பதினாலு சீட், ஆட்கள் பதினைந்து. யாரை இறக்கலாம் என்று மேலும் கீழும் பார்த்தால், இறக்கினாலும் தெரியாத ஆள் ஒருத்தன்தான் இருந்தான். எந்த ஆர்கெஸ்ட்ராவிலும் முதலில் இறங்குகிறவன் பேஸ்காரன்தான், இது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது. மின்னல் வந்தது, அதன்பின் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான் இடி. கோவிலில் தவிலுக்கு விரலடி கேட்டது, இடப்பக்கத்துக் கனத்த கம்படி கேட்கவில்லை. மாதா கோவில் பெரிய மணி சைக்கிள் பெல்லாகிவிட்டது. பஸ் வருவது தெரியாமல் மூன்று ஆடும் ஒரு தபால்காரரின் சைக்கிளும் அடிபட்ட பிறகு பஞ்சாயத்தில் கூடிப் பேசி, ஊர் எல்லைக்குள் வருகிற எல்லா வண்டியும் முன்பக்கம் மாட்டுச் சலங்கை கட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், டிரைவர்களும் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுக் கட்டிக்கொண்டார்கள், அதற்குப்பின் சலங்கை இல்லாத பஸ்ஸைப் பார்த்தால் எங்களுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. கனத்த குரலில் பேசி வந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் குரலின் அடிப்பாகம் போய், காற்று மட்டும் மிஞ்சியது. ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அதட்டினால் பிள்ளைகள் சிரித்தார்கள், புருஷன் திட்டுவது பாதிதான் கேட்கிறது என்று பெண்கள் குழாயடியில் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். கைப்பிள்ளைகள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கின. அம்மன் கண்ணயர்ந்திருக்கிறாள், எழுப்பக் கூடாது என்று பூசாரி சொன்னார். அமைதி ஆண்டவர் கொடுத்த கொடை என்று மாதா கோவில் சாமியார் சொன்னார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது ஊர் பிறந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. வெளியூரிலிருந்து பெண் எடுக்க வந்தவர்கள், உங்க ஊர்ல என்ன ஒரு நிம்மதி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கார்த்திகை பிறப்பதற்குள் நாங்கள் இதற்குப் பழகிவிட்டோம். பழக்கம் என்பது ஆனையையே ஆட்டுக்கொட்டிலில் கட்டிவிடும்.

தேன்துளி குழுவுக்கும் குறை ஒன்றும் வரவில்லை. அண்ணாச்சியின் இடது கை கீபோர்டில் ஓடியது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் பாட்டின் ஒவ்வொரு வார்த்தையும் பளிச்சென்று கேட்கிறது என்று கேட்டவர்கள் மெச்சினார்கள். என் மிக்ஸர் பலகையில் மட்டும் பேஸுக்கான விளக்கு பச்சையும் சிவப்புமாகத் துள்ளிக்கொண்டிருக்கும், பெட்டியில் சத்தம் இருக்காது. முதல் கச்சேரியில் அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு ஒயரையும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். நாலாவது கச்சேரியில் அந்த விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டேன்.

கிருபாவுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தவன் தவசிங் ஒருத்தன்தான். அவனுக்கு விஷயம் பிடிபட்டது ஆஸ்பத்திரியில். தாய்ப்பசு வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளே கன்றைக் கூப்பிடுமே, அந்தக் கூப்பாடு கன்றுக்கு எட்டவில்லை, அது தாயின் வாலுக்குப் பின்னால் நின்றுகொண்டே தாயைத் தேடியது. அன்றைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினான். கிருபா மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதற்கு முந்தின வாரமே எல்லாம் அற்றுவிட்டது. மிஷினின் தடதடப்பு இல்லை, அண்ணன் குரல் இல்லை, தன் குரலும் இல்லை. அவள் அதை அவனிடம் சொல்லவில்லை. மிச்சமிருந்த காதும் போய்விட்டது, மிச்சமும் ஒருநாள் போகலாம் என்று டாக்டர் சொன்னதுதானே என்று தனக்குள்ளே முடிவு கட்டிக்கொண்டாள்.

துணி வெட்டுகிற மேசையில் அவளுடைய தையல் சாக்குக்கட்டியை எடுத்து அவன் எழுதினான்: "உன் காது நல்லா இருக்கு. ஊர்லதான் சத்தம் போயிட்டு."

அவள் அதை வாசித்தாள், கையால் அழித்தாள், கீழே எழுதினாள்: "சத்தம் போயிருந்தா ஊர் இப்படிச் சும்மா இருக்குமாண்ணே?"

அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரை வெளியே இழுத்தான்.

அந்த மாசமே காது மருத்துவ முகாம் ஒன்று பள்ளிக்கூடத்தில் நடந்தது. எங்கிருந்தோ வந்த டாக்டர்கள் ஒவ்வொருவர் காதிலும் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலை உயர்த்தச் சொன்னார்கள். கீழ்ச்சத்தம் வைத்தபோது ஊரில் ஒருவரும் விரலை உயர்த்தவில்லை. இத்தனை பேருக்கா கோளாறு இருக்கும், மிஷினில்தான் ஏதோ பழுது என்று தீர்மானித்து, எல்லோருக்கும் காது நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். கிருபா வந்து உட்கார்ந்தாள். அவளும் விரலை உயர்த்தவில்லை. அவளுடைய பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, பாவம் இந்தம்மாவுக்கு முழுக்கவே போய்விட்டது என்று முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தார்கள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். ரேடியோவை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். கச்சேரிக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு பேச்சையும் நிறுத்தினாள். தனக்கே கேட்காத பேச்சை எதற்குப் பேச வேண்டும் என்று ஒரு தடவை மேசையில் எழுதினாளாம், அதற்குப் பின் அளவு கேட்கக்கூட வாயைத் திறக்கவில்லை. முப்பத்தொன்பது வயது மனுஷி, ஒரு மாசத்தில் பத்து வயது கூடிப்போனாள்.

மார்கழியில் ஒரு மத்தியானம் தவசிங் என் கடைக்கு வந்தான். நான் ஒயருக்கு ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தேன்.

"மணி, ஒனக்குத் தெரியும்லா?" என்றான்.

"எனக்கென்ன தெரியும்?"

"நான் கிட்டார வெளிய எடுத்து வாசிச்சுப் பாத்தேன். கம்பி ஆடுது, பெட்டி அதிருது, சத்தம் வரல. தனியா வாசிச்சா வராது போலுக்கு. அது எப்பவும் பாட்டுக்கு அடியில கெடந்தது. பாட்டோடதான் வரும்." நான் விட்ட ஒயர் முனையை எடுத்து எனக்காகப் பிடித்துக்கொண்டான். "ஒரு பாட்டு வாசிச்சாப் போதும். அவ காதுக்கு ஒண்ணும் ஆகலன்னு அவளுக்குத் தெரியணும். வேற எதுவும் வேண்டாம்."

தவசிங் அதுவரை யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவன் கேட்டது எனக்கு என்னவோ போல இருந்தது. அண்ணாச்சியிடம் போகச் சொன்னேன். அண்ணாச்சி, எனக்கு ஆட்சேபணை இல்லப்பா, விசேஷ வீட்டுக்காரங்க ஒத்துக்கிடணும்லா என்று பொன்னுத்துரையிடம் அனுப்பினார். அரிசி ஆலை பொன்னுத்துரைதான் வணிகர் சங்கத் தலைவர். தை மாதம் அவர் மகள் கல்யாணத்துக்குத் தேன்துளிதான் கச்சேரி. அவர் தனியாக முடிவு சொல்லாமல் ஆலைக் கிட்டங்கியில், நெல் மூட்டைகளுக்கு நடுவில், பத்துப் பேரைக் கூட்டினார். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன்.

"சத்தம் போயி யாருக்கு என்ன கெட்டுப்போச்சு, தவசிங்கு?" என்றார் பொன்னுத்துரை. "பஸ்ல சலங்க கட்டியாச்சு. பிள்ளைக தூங்குது. ஆலைச் சத்தம் தாங்கலன்னு ரெண்டு வருசமா மனுப் போட்டவன்லாம் இப்ப எனக்கு வணக்கம் வைக்கான்."

"கன்னுக்குட்டி தாயத் தேடுது அண்ணாச்சி."

"கயித்தப் பிடிச்சுக் கொண்டு விடுங்க. அதுக்குத்தானே ஆஸ்பத்திரில உம்ம வச்சிருக்கு."

"எந்தங்கச்சி பேச்ச விட்டுட்டா."

அவளுக்கு முன்னாலேயே காது சரியில்லைதானே என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார். தவசிங் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொன்னுத்துரைக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. தாடையைச் சொறிந்தார்.

"ஒரு பாட்டு. ஒண்ணே ஒண்ணு. எம் மூத்தவ பெத்த பேரன் தொட்டில்ல கெடப்பான், அவன் முழிச்சா நிறுத்திரணும்."

"சரி அண்ணாச்சி," என்றான் தவசிங்.

வரவேற்பு சாயங்காலம் ஆறு மணிக்கு. கிருபா வரமாட்டேன் என்றுதான் இருந்திருக்கிறாள். கல்யாணப்பெண்ணின் ஜாக்கெட்டைத் தைத்தவள், மரியாதைக்காவது தலையைக் காட்ட வேண்டும் என்று தவசிங் எப்படியோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வந்தவள் பெட்டிப் பக்கம் போகாமல் பெண்களுக்கு நடுவில் போய்க் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். ஏழாவது பாட்டுக்கு முன்னால் தவசிங் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையில் ஏறினான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவனைப் போல இறங்கி வந்து, அத்தனை பேர் நடுவிலிருந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், நாற்காலியில் உட்கார்த்தி, அவள் உள்ளங்கையை எடுத்துப் பெட்டிமேல் வைத்தான். அவள் வெட்கத்தில் தலையை நிமிர்த்தவில்லை. நான் டேப்பை உரித்தேன்.

பல்லவி முடியும்வரை ஒன்றுமில்லை. விளக்கு துள்ளியது, கம்பி ஆடியது, பெட்டி ஊமையாக இருந்தது. பொன்னுத்துரை திருப்தியாக வெற்றிலை மடித்தார். சரணத்துக்கு முந்தின இசையில், எல்லோரும் ஓய்ந்து கீழ்க்கம்பி மட்டும் நடந்து போகிற ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் வந்தது. முதலில் எங்கள் உள்ளங்காலில் வந்தது, பிறகு நாற்காலிக் கால்களில் ஏறியது, பாயசத் தம்ளர்களில் வளையம் வளையமாக விரிந்தது, பந்தல் கம்பங்களைப் பிடித்து உலுக்கியது. அதன் பின்னாலேயே மூன்று மாசமாக எங்கேயோ அடைபட்டுக் கிடந்ததெல்லாம் வழி கிடைத்து வந்தது. தெளிந்த வானத்தில் ஐப்பசி இடியும் கார்த்திகை இடியும் ஒன்றன்பின் ஒன்றாக இடித்தன, போன பஸ்களெல்லாம் உறுமின, கேட்காமல் போன கம்படியெல்லாம் கோவில் பக்கமிருந்து விழுந்தது, பெரிய மணி தன் முழு ரீங்காரத்தோடு அடித்தது, ஊரிலுள்ள தாய்ப்பசுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிட்டன, பொன்னுத்துரை இருமினார், அந்த இருமல் அவருடைய பழைய இருமலாக இருந்தது. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் அது இடம் தப்பிக் கிடந்ததையே நான் அறியவில்லை. எனக்கு அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

கிருபா தலையை நிமிர்த்தினாள். பெட்டியைப் பார்த்தாள், மேடையில் அண்ணனைப் பார்த்தாள். அவள் முகம் சின்னப்பிள்ளையின் முகமாகி, உதடு அசைந்து, என்ன பாட்டு என்று சொன்னது. அதற்குப் பிறகுதான் மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தாள். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டிருந்தோம். பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று மாசத்துக்கு முன்னால் எங்கள் ஊர் முழுக்க இருந்த சத்தம்தான் அது, ஒருவருக்கும் பொறுக்க முடியவில்லை.

தொட்டிலில் பேரன் வீறிட்டான். அவனைத் தொடர்ந்து பந்தலில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் அழுதன. பொன்னுத்துரை எழுந்து நின்று கையை உயர்த்தினார். அண்ணாச்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்தார், டிரம்ஸ்காரன் குச்சியை மடியில் வைத்தான், பாடகி பாதி வார்த்தையில் நிறுத்தினாள். தவசிங் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த அடியை வாசித்தான், அதற்கு அடுத்த அடியையும் வாசித்தான். பாட்டில்லாமல், துணைக்கு ஆளில்லாமல், தனியாக வாசித்தான், சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. தனியாக வராது என்று அவன் நினைத்திருந்தது தப்பு. அது அவனுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணைத் திறந்து தன் கையையே பார்த்தான்.

பொன்னுத்துரை என் பக்கம் திரும்பி ஒரே ஒரு தடவை விரலை ஆட்டினார். தவசிங்கும் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

நான் ஒயரைப் பிடுங்கினேன்.

எல்லாம் அடங்கிவிட்டது. இடி போயிற்று, மணி போயிற்று, பிள்ளைகள் விசும்பி விசும்பித் தூங்கத் தொடங்கின. மேடையில் அவன் விரல் மட்டும் கம்பிமேல் இன்னும் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றது. நல்லபடியாக முடிந்தது என்று யாரோ கைதட்ட, எல்லோரும் கைதட்டினோம். அத்தனை வருசத்தில் தவசிங்குக்கு என்று விழுந்த கைதட்டு அது ஒன்றுதான்.

கிருபா பெட்டியிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஒயர் என் கையில்தான் இருந்தது. மாசக்கணக்காகத் திறக்காத வாயைத் திறந்து பேசினாள். அந்தக் கனத்த குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. ஆனால் பத்தொன்பது வருசமாக அவள் உதட்டைப் பார்த்துப் பாட்டின் பேரைத் தெரிந்துகொண்டவன் நான், எனக்கு ஒரு எழுத்தும் தவறாது.

"எங்காது நல்லாத்தான் இருந்திருக்கு," என்றாள். "ஒங்களுக்குத் தெரியும்லா, மணியண்ணே?"

நான் என் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தேன். அவள் இன்னொரு தடவை கேட்டாள். பந்தி போட்டாச்சு என்று யாரோ சொன்னார்கள், நாங்கள் எழுந்து சாப்பிடப் போனோம்.